பழைய காரில் இனம் தெரியாத சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வயதைத் தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே வண்டிச் சத்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். மாருதி 800, ஆல்டோ, ஜென், சான்ட்ரோ, இண்டிகா, எப்போதாவது ஓர் அம்பாசடர் என்று வண்டிகள்தான் மாறுகின்றன, சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது, எங்கிருந்து என்றே தெரியவில்லை. எங்கே தேடத் தொடங்குவது?

எங்கே என்பதைத் தள்ளி வையுங்கள். எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள். காரின் உடல் முழுக்க ஒன்றோடொன்று பற்றவைத்த இரும்புத் தகடு. முன்சக்கரத்தில் பிறக்கும் சத்தம் அதன் வழியே ஓடி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கேட்கும். பின்பக்கம் என்று எல்லோரும் அடித்துச் சொல்லும் சத்தம் சைலன்சர் குழாயின் நடுவில் இருக்கும். இடத்தைச் சொல்வதில் காது ஏமாந்துபோகும். நேரத்தைச் சொல்வதில் ஏமாறாது.

ஒரு சீட்டை வண்டியிலேயே வைத்து எழுதுங்கள். வண்டி நிற்கும்போதும் வருகிறதா, ஓடினால் மட்டுமா? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடானபிறகா? நேரே போகும்போதா, வளைவிலா? பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் இவற்றில் எதை மிதித்தால் மாறுகிறது? மேடுபள்ளம் இல்லாத சாலையிலும் வருகிறதா? இந்த விவரங்கள் சேர்ந்தாலே பாதிப் பாகங்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து விலகிவிடும். எதையும் கழற்ற வேண்டிய அவசியம் அதுவரை இல்லை.

வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறது. இன்ஜினா, சக்கரமா என்று எப்படிப் பிரிப்பது?

நெரிசல் இல்லாத நேரான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு வாருங்கள். கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை உருளவிடுங்கள். சாவியை மட்டும் அணைக்காதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போய்விடும். நியூட்ரலிலும் சத்தம் அப்படியே இருந்தால் டயர், வீல் பேரிங், பிரேக் பக்கம் பாருங்கள். அடங்கிவிட்டால், வண்டியை நிறுத்திவைத்து இன்ஜினை மட்டும் முடுக்குங்கள். அப்போது வந்தால் இன்ஜின், பெல்ட், சைலன்சர். இரண்டிலும் வராமல் இழுக்கும்போது மட்டும் வந்தால் ஆக்ஸில் மூட்டு, கியர்பாக்ஸ், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டிங்.

'டக், டக்' என்று எண்ணக்கூடிய சத்தமாக இருந்தால் கணக்கும் உதவும். மாருதி 800-இன் 145/70 ஆர்12 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.6 மீட்டர். 10 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு இரண்டு சுற்றுக்கும் சற்றுக் குறைவாகவே சுற்றும். 40-இல் ஏழு சுற்று. மெதுவாகப் போகும்போது சத்தம் அந்தக் கணக்கில் விழுந்தால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றுதான் காரணம். பெரும்பாலும் டயர் பள்ளத்தில் சிக்கிய ஜல்லி அல்லது ஆணி.

சின்னப் பள்ளத்தில்கூடக் கடகட என்கிறது. சஸ்பென்ஷன் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடவா?

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். டிக்கியில் ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் திருகு. இருக்கைக்கு அடியில் தண்ணீர் பாட்டில். டாஷ்போர்டு அறைக்குள் சாவிக்கொத்து. பின்னிருக்கையில் ஆள் இல்லாதபோது தூணில் மோதும் சீட் பெல்ட் கொக்கி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தொங்குவதைக் கட்டிவிட்டு, அதே பள்ளத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் எல்லோரும் கடைசியில் செய்கிறார்கள்.

பக்கத்து வீட்டு ஜென் ஒன்றுக்கு நான்கு ஷாக் அப்சார்பரும் போய்விட்டன என்று சொல்லியிருந்தார்கள். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பித்தளைப் பிள்ளையாரின் பசை வெயிலில் இளகியிருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். இரட்டைப் பக்க டேப் ஒரு துண்டு போதுமானதாக இருந்தது.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இன்னும் முன்பக்கம் லொடலொடக்கிறது.

அப்படியென்றால் சஸ்பென்ஷன்தான்; ஆனால் முழுவதும் அல்ல. இரு சக்கரமும் ஒன்றாக ஏறும் வேகத்தடையில் அமைதியாக இருந்து, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது சத்தம் வந்தால், இரு முன்சக்கரங்களையும் குறுக்கே இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பும் அதன் ரப்பர் புஷ்ஷும் முதல் சந்தேகம். விலை குறைந்த பாகங்கள் அவை. பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒற்றை 'டொக்' கேட்டால், சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம் வந்தால் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட்டிங். ஷாக் அப்சார்பரே போயிருந்தால் சத்தத்தைவிட ஆட்டம்தான் பெரிதாகத் தெரியும்: பானட்டின் மூலையை அழுத்தி விடுங்கள், ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும், தொடர்ந்து ஊஞ்சலாடினால் ஆயுள் முடிந்தது.

இதில் லோயர் ஆர்மின் முனையில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் குண்டு மூட்டு, அதாவது பால் ஜாயிண்ட் ஒன்றுதான் தள்ளிப்போடக் கூடாதது. அது முற்றாகக் கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். சோதிக்க, சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் செய்வதானால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள். தாங்கு முட்டு (ஜாக் ஸ்டாண்ட்) கட்டாயம்.

60-ஐத் தாண்டினால் 'ஊம்' என்று ஒரு ரீங்காரம். டயரா, பேரிங்கா?

மேலே சொன்ன நியூட்ரல் சோதனையில் அடங்காத சத்தம் இது. பிறகு, அகலமான சாலையில் நிதானமாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. அப்போது ரீங்காரம் கூடினால் வலப்பக்க பேரிங், குறைந்தால் இடப்பக்க பேரிங் என்று எடுத்துக்கொள்ளலாம். வளைத்தாலும் மாறாமல், தார்ச்சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்குப் போனால் மாறினால் அது டயர். ஓட்டப்பரப்பை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பம்போல் பிடித்தால் டயர் அலையலையாகத் தேய்ந்திருக்கிறது. முன் டயரைப் பின்னால் மாற்றிப் போடுங்கள். சத்தமும் பின்னால் போனால் சந்தேகமே வேண்டாம்.

பேரிங்தானா என்று உறுதிசெய்ய எனக்குப் பிடித்த வழி கையால் தொட்டுப் பார்ப்பது. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங்கில் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். நல்ல பேரிங்கில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டதில் மணல் அரைபடுவது போன்ற கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு ஏறும், காதுக்கு எதுவும் கேட்காவிட்டாலும்.

வண்டியை முழுக்கத் திருப்பி எடுக்கும்போது மட்டும் 'டக்டக்டக்'. நேரே போனால் ஒன்றும் இல்லை.

முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் இது ஆக்ஸிலின் வெளிமுனையில் இருக்கும் சி.வி. ஜாயிண்ட், சக்கரம் திரும்பியிருந்தாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு. எந்தப் பக்கம் என்று காதை வைத்து முடிவு செய்வதைவிட, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துச் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்து, சக்கரத்தின் உட்பக்கமெங்கும் கரிய கிரீஸ் சிதறியிருந்தால் அதுதான் இடம்.

உறை மட்டும் கிழிந்து சத்தம் இன்னும் தொடங்கவில்லை என்றால் உறையை மாற்றிப் புது கிரீஸ் வைத்தால் ஜாயிண்ட் பிழைத்துக்கொள்ளும். சத்தம் தொடங்கியபிறகு உறை மாற்றுவது வீண் செலவு. உள்ளே மண் போய் உலோகம் தேய்ந்துவிட்டது.

பிரேக் போட்டால் கிரீச்சிடுகிறது. உடனே பேட் மாற்ற வேண்டுமா?

மழை இரவுக்குப் பின் காலையில் முதல் சில பிரேக்குகளில் மட்டும் வரும் கரகரப்பு, டிஸ்க் மேல் படிந்த துரு. தானே தேய்ந்து போகும். தினமும், எல்லா நேரமும் கிரீச்சிட்டால் பேட்டின் தடிமனைப் பாருங்கள். பல பேட்களில் ஒரு சிறு தகட்டு நாக்கு இருக்கும். பேட் தேய்ந்து மெலிந்ததும் டிஸ்க்கை உரசிக் கத்துவதற்கென்றே வைத்தது. கிரீச் என்பது கரகரவென்று இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தமாக மாறிவிட்டால் பேட்டில் ஒன்றும் மிச்சமில்லை, டிஸ்க்கும் கெட்டுக்கொண்டிருக்கிறது.

பிரேக் போடாதபோதும் விடாமல் 'சர்ர்' என்று உரசுகிறதா? மண்சாலையில் போய்வந்த பிறகா? டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள மெல்லிய தகட்டுக்கும் நடுவில் கல் சிக்கியிருக்கலாம். மெதுவாகக் கொஞ்சம் பின்னோக்கி ஓட்டுங்கள். பல நேரம் கல் விழுந்துவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் தெருவே எழுந்துவிடும் அளவுக்கு ஒரு கிரீச். இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

ஃபேன் பெல்ட். ஏ.சி.யும் ஹெட்லைட்டும் போட்டால் மறுபடி கத்தினால் ஐயமே இல்லை. இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் உட்பக்கத்தில், கை படாத தூரத்திலிருந்து, சிறிது தண்ணீர் தெளியுங்கள். சத்தம் இன்னும் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. இறுக்கவோ மாற்றவோ வேண்டும். சற்று நின்று மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. சோப்பும் மெழுகும் தடவச் சொல்லும் யோசனைகளை விட்டுவிடுங்கள். தெளிக்கும்போது துப்பட்டா, வேட்டி, தொங்கும் சங்கிலி எதுவும் பானட்டுக்குள் போகக் கூடாது.

கிளட்சை மிதித்தால் ஒரு சத்தம் வருகிறது. நண்பர் வண்டியில் மிதித்தால் சத்தம் போகிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. மிதிக்கும்போது வருவது கிளட்ச் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் அடங்குவது கியர்பாக்ஸின் உள்ளே போகும் தண்டின் பேரிங். நண்பருக்குத்தான் செலவு அதிகம். ரிவர்ஸில் மட்டும் வரும் 'ஊய்ங்' இரண்டிலும் சேராது. பெரும்பாலான வண்டிகளில் ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. புது வண்டியிலும் அப்படித்தான் ஒலிக்கும்.

நின்றுகொண்டிருக்கும்போது ஏ.சி. போட்டால் மட்டும் அடியில் படபடவென்று தகரம் அடிக்கிறது.

சைலன்சருக்கு மேலிருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு. அதன் திருகைத் துரு தின்றிருக்கும். ஏ.சி. போட்டதும் இன்ஜின் அதிர்வு மாறி, தகடு அதிரும் இடத்துக்கு வந்துவிடுகிறது. குழாய்க்கான கிளாம்ப் ஒன்றால் இறுக்கினால் முடிந்தது. தகட்டைப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சூடு தரைவிரிப்பு வரை ஏறும்.

இன்ஜினில் 'டிக் டிக்' என்கிறது. டேப்பெட் என்கிறார் ஒருவர், இன்ஜினே போய்விட்டது என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

டேப்பெட் என்பது வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம். சத்தத்தின் வேகத்தைக் கேளுங்கள். நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இன்ஜினில் ஒரு வால்வு, கிராங்க் என்னும் முக்கியத் தண்டு இரண்டு முறை சுற்றினால் ஒருமுறைதான் திறக்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடில் ஆகும் இன்ஜினில் ஒரு வால்வின் 'டிக்' நிமிடத்துக்கு 400 முறை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்தால் வரும் அடி ஒவ்வொரு சுற்றுக்கும் விழும். ஒலியும் மேலோட்டமான 'டிக்' அல்ல, அடிவயிற்றிலிருந்து வரும் கனமான 'தொம்'. ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்துப் பிடிக்கும்போது அது உரக்கும்.

இருவரில் யாரையும் நம்புவதற்கு முன் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் குறைந்தாலே டேப்பெட் சத்தம் போடும். குளிரில் தொடங்கி, சூடானதும் மறையும் 'டப் டப்' என்றால் சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் (இடையில் வைத்த அடைப்புத் தகடு) கசிவும் இருக்கலாம்; உலோகம் விரிந்ததும் ஓட்டை மூடிக்கொள்ளும்.

மேட்டில் ஏறும்போது 'கிணிகிணி' என்று சில்லறை குலுங்குவதுபோல் கேட்கிறது. அதுவும் டேப்பெட்டா?

இல்லை, பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கிறது. ஏற்காடு, கொடைக்கானல் போய்வந்தவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். ஒரு கியர் குறைத்துப் போங்கள், அடங்கும். பழைய இன்ஜினில் கரி படிந்திருப்பதும், டிஸ்ட்ரிபியூட்டர் (தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் பாகம்) உள்ள வண்டியில் தீப்பொறி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருப்பதும் காரணமாகலாம். அப்படியே விட்டால் பிஸ்டன் கெடும்.

மழைக்காலத்தில் மட்டும் புதுப்புதுச் சத்தங்கள். டாஷ்போர்டுக்குள் தண்ணீர் ஓடுகிறது, கதவில் தண்ணீர் ஆடுகிறது. கற்பனையா?

கற்பனை அல்ல. கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேற வேண்டும். சேறும் சருகும் அவற்றை அடைத்தால் பிரேக் போடும்போதெல்லாம் கதவுக்குள் 'சளக்' என்று தண்ணீர் அலையும். கதவைத் திறந்து கீழ் விளிம்பைப் பார்த்து, துடைப்பத்து ஈர்க்கை விட்டுக் குத்துங்கள். கொட்டும் நீரின் நிறத்தைப் பார்த்தால் எத்தனை நாள் உள்ளே துருப்பிடித்துக்கொண்டிருந்தது என்று விளங்கும்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் 'களக் களக்' கேட்பது மழையோடு சம்பந்தமில்லாதது. ஹீட்டருக்குப் போகும் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அதாவது கூலண்ட் குறைந்திருக்கிறது. இன்ஜின் நன்றாக ஆறியபிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். நிரப்பிய பிறகும் குறைந்தால் கசிவைத் தேட வேண்டும்.

ஏ.சி. காற்றோடு 'சரசர' வந்தால் சருகு. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் காற்று புகும் இடம் இருக்கிறது. வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிகளுக்கு மாசி பங்குனியில் இது ஆண்டுதோறும் வரும். எலி வாசம் செய்யும் தெருவாக இருந்தால் ப்ளோயருக்குள்ளிருந்து தேங்காய்ச் சில்லும் வரலாம். அப்போது வயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கதவு ரப்பர் கிறீச்சிடுகிறது. கொஞ்சம் ஆயில் தடவலாமா?

இன்ஜின் ஆயிலும் மண்ணெண்ணெயும் ரப்பரை உப்ப வைத்துக் கெடுக்கும். துடைத்துவிட்டு சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள்.

என்னுடையது அம்பாசடர். இதுவரை சொன்னதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பாதி பொருந்தும். உங்கள் வண்டி பின்சக்கரத்தால் தள்ளப்படுவது, முன்னால் சி.வி. ஜாயிண்ட் கிடையாது. பதிலாக சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் நீளமான புரொப்பெல்லர் தண்டும் அதன் இரு முனைகளில் யு.ஜே. கிராஸ் என்னும் சிலுவை மூட்டும் உண்டு. கிளட்சை விட்டு வண்டி நகரும் கணத்தில் ஒற்றை 'டக்' கேட்டால் அங்கே பாருங்கள். வண்டி உருளாதபடி சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தண்டைக் கையால் முறுக்கினால் ஆட்டம் தெரியும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஒரு சுரம், விடும்போது வேறு சுரம் என்று பின்னாலிருந்து முனகல் வந்தால், பின் ஆக்ஸிலின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியல். முதலில் அதன் ஆயில் அளவைப் பாருங்கள்.

பின்னால் பட்டை ஸ்பிரிங்கின் 'கிரீச்' பெரும்பாலும் நோயல்ல, பட்டைகள் வறண்டு உரசுவது. இந்த வண்டிக்கு கிரீஸ் அடிக்கும் நிப்பிள்கள் பல இடங்களில் உண்டு. புதிய வண்டிகளில் பழகிய இளைஞர்கள் அவற்றைத் தேடுவதே இல்லை. கிரீஸ் துப்பாக்கி வைத்திருக்கும் பழைய ஆளாகப் பார்த்து வண்டியைக் கொடுங்கள். பாதிச் சத்தம் அங்கேயே அடங்கும்.

சத்தம் வரும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கக் கருவி ஏதாவது வாங்க வேண்டுமா?

நீளமான திருப்புளி போதும். முனையை இன்ஜினின் அசையாத பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கேளுங்கள். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், வால்வு மூடி என்று ஒவ்வொன்றாக நகர்த்தினால், குற்றவாளியின் மேல் வைத்ததும் சத்தம் தெளிவாக உரக்கும். ஃபேனையும் பெல்ட்டையும் விட்டு விலகியே நில்லுங்கள். மின்விசிறி உள்ள வண்டியில் அது எந்த நொடியும் தானாகச் சுழலும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் மட்டும் சத்தம் வருவதே இல்லை. என்ன செய்ய?

வீட்டில் குளிர்ந்த இன்ஜினில் வரும் சத்தம், பட்டறைக்கு ஓட்டிப் போவதற்குள் சூடாகி மறைந்துவிடும். முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, மறுநாள் காலையில் அவரே முதலில் ஸ்டார்ட் செய்யட்டும். ஓடும்போது வருவதானால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வரும் அதே சாலையில் நீங்கள் ஓட்டுங்கள். கைப்பேசியில் பதிவு செய்வதும் உதவும். பதிவின்போது என்ன கியர், என்ன வேகம் என்று வாயால் சொல்லிக்கொண்டே போங்கள்.

போனதும் "பேரிங் போய்விட்டது, மாற்றுங்கள்" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். பேரிங்கை மாற்றித் தந்துவிடுவார்கள், கேட்டது அதுதானே. முதல் பதிலில் சொன்ன சீட்டை நீட்டுங்கள்.

சொன்ன பாகத்தை மாற்றியாகிவிட்டது. சத்தம் அப்படியே இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இருக்கலாம், ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயங்கள். பழைய வண்டியில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பாகங்கள் தேய்ந்திருக்கும். பெரிய சத்தம் போனபிறகுதான் சிறியது காதில் விழும். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக் கையில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்றியது நியாயமே.

இன்னொன்று, பொருத்திய விதம். லோயர் ஆர்ம் போன்றவற்றின் ரப்பர் புஷ் போல்ட்டை, வண்டி சக்கரங்களில் பாரத்தோடு நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கி நிறுத்தி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு முனகும், சீக்கிரமே கிழியும். போல்ட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கச் சொல்லிப் பாருங்கள்.

எந்தச் சத்தத்துக்கு வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்?

கனமான 'தொம்' சத்தத்தோடு சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால் இன்ஜினை உடனே அணையுங்கள், வீடு வரை போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். பிரேக்கில் இரும்பு அரைபட்டாலும், ஸ்டியரிங்கில் 'டொக்'கோடு ஆட்டம் சேர்ந்தாலும் அப்படியே.

நான்காவது ஒன்று பலருக்குத் தோன்றுவதில்லை. பஞ்சர் ஒட்டியோ டயர் மாற்றியோ வந்த பிறகு, மெதுவாகப் போகும்போது 'டக் டக்' கேட்டால் ஓரம் கட்டி வீல் நட்டுகளைப் பாருங்கள். ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றையும் எதிரெதிராக இறுக்குங்கள். சக்கரம் கழன்று ஓடுவதற்கு முன் வரும் எச்சரிக்கை அது.

ஒன்றுமே செய்யவில்லை, சத்தம் தானாக நின்றுவிட்டது. விட்டுவிடலாமா?

எந்தச் சத்தம் என்பதைப் பொறுத்தது. உரசல் நின்றால் கல் விழுந்திருக்கும், நல்லது. சருகும் அப்படியே. சி.வி. ஜாயிண்ட்டும் வீல் பேரிங்கும் தாமாகக் குணமாவதில்லை. ரேடியோ சத்தத்தில் உங்கள் காது பழகியிருக்கும், அவ்வளவுதான். பிரேக் கிரீச் நின்றால் அந்தத் தகட்டு நாக்கு ஒடிந்து விழுந்திருக்கலாம், ஆகவே பேட்டை இப்போதுதான் பார்க்க வேண்டும்.

வாரக்கணக்கில் கத்திய ஃபேன் பெல்ட் ஓடும்போதே சட்டென்று அடங்கி, பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்துவிட்டது. பல பழைய வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது. வெப்பமானி முள் மேலே ஏறுவதற்குள் ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள்.